நாலு பவுண்டு ரொட்டி

1789 ஜூலை 12. கிழக்கு பிரான்ஸில் மெட்ஸ் நகரை நோக்கிப் போகும் சாலையில் நீண்ட மேடு ஒன்று. ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயர் தன் குதிரை களைத்துவிடக் கூடாது என்று இறங்கி நடந்துகொண்டிருந்தார். பிரான்ஸின் விவசாயத்தைப் பார்த்து எழுதுவதற்காகவே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர் அவர். வழியில் ஓர் ஏழைப் பெண் பேச்சுத்துணைக்குச் சேர்ந்துகொண்டார். கூனிய முதுகு, உழைத்து உழைத்துக் காய்த்துப்போன முகம். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அறுபது, எழுபது வயது மதிக்கலாம். தனக்கு 28 வயது என்றார் அந்தப் பெண்.

குடும்பக் கணக்கையும் சொன்னார். கணவருக்குத் துண்டு நிலம், ஒரு பசு, ஒரு நோஞ்சான் குதிரை. ஏழு பிள்ளைகள். ஒரு பிரபுவுக்கு 42 பவுண்டு எடை கோதுமையும் மூன்று கோழியும் கொடுக்க வேண்டும். இன்னொரு பிரபுவுக்கு ஓட்ஸ் அளக்க வேண்டும், கூடவே ஒரு கோழியும் ஒரு சூ காசும். அதற்கு மேல் அரசருக்கு வரி. குதிரைக்குப் பதிலாக இன்னொரு பசு வைத்துக்கொள்ளலாமே என்று யங் கேட்டார். விளைந்ததை ஏற்றிப் போகக் குதிரை வேண்டாமா என்றார் அவர். எங்களைப் போன்ற ஏழைகளுக்குப் பெரிய மனிதர்கள் யாரோ ஏதோ செய்யப் போகிறார்களாம்; யார், எப்படி என்றெல்லாம் தெரியாது; ஆண்டவன்தான் நல்ல வழி காட்ட வேண்டும்; வரியும் பிரபுக்களுக்கு அளப்பதும் எங்களை நசுக்குகின்றன என்றார். இரண்டு நாள் கழித்து பாரிஸில் பாஸ்டில் கோட்டை விழுந்தது.

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் இந்தப் பெண்தான். பசித்தவர்கள் பொங்கி எழுந்தார்கள், அரசர் வீழ்ந்தார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பசி பிரான்ஸுக்குப் புதிதல்ல. 1709-ஆம் ஆண்டின் கொடுங்குளிரிலும் அதையொட்டி வந்த பஞ்சத்திலும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பதினான்காம் லூயியின் அரியணை அசையவில்லை. எண்பது ஆண்டுகள் கழித்து, அதைவிடக் குறைவான பஞ்சத்தில், அதே அரியணை ஆட்டம் கண்டது. இந்த முறை தன் ரொட்டி எந்தெந்தக் கைகளுக்குப் போகிறது என்று அந்த 28 வயதுப் பெண்ணால் கோழிக் கணக்கு வரை சொல்ல முடிந்தது. அரசின் கஜானாவும் அதே நேரத்தில் காலியானது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் 1789 புரியும் என்பது என் எண்ணம்.

பிரான்ஸின் மக்கள்தொகை அப்போது ஏறக்குறைய 2.8 கோடி. சட்டப்படி மூன்று பிரிவுகள். முதல் பிரிவு குருமார்கள், ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று அதிகம். இரண்டாவது பிரபுக்கள், சில லட்சம் பேர். மற்ற அனைவரும் மூன்றாம் பிரிவு. போர்தோ நகரின் கோடீஸ்வர வணிகர், வழக்கறிஞர், தச்சர், மேட்டில் நடந்த அந்தப் பெண் எல்லோரும் இதில்தான். நாட்டின் நேரடி வரிகளில் முக்கியமானது பெரும்பாலான பகுதிகளில் இந்தப் பிரிவின் தலையில் மட்டும் விழுந்தது. ஊருக்கு இவ்வளவு என்று மேலிருந்து தொகை வரும். அதை வீட்டுக்கு வீடு பிரித்து வசூலிப்பது ஊர்க்காரர் ஒருவரின் வேலை. பணம் குறைந்தால் பொறுப்பு அவர் தலையில். சிறைக்கும் போக நேரிடும். ஆகவே அவர் யார் வீட்டில் கொஞ்சம் வசதி தெரிகிறதோ அங்கே கூடுதலாகப் போடுவார். கூரையைப் புதுப்பித்தால் வரி ஏறும் என்று பயந்து ஓட்டைக் கூரையின் கீழேயே இருந்தார்கள் மக்கள். உழைத்து முன்னேறுகிறவனைத் தண்டிக்கும் வரி இது. இதைவிடக் கெட்ட வரி ஒன்றை யோசிப்பது கடினம்.

ஆனால் இருந்தது. உப்பு வரி. காபெல் என்பார்கள். வடக்கு, நடு பிரான்ஸின் பெரும்பகுதியில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் இவ்வளவு உப்பு என்று கணக்கிட்டு, குடும்பம் அதை அரசுக் கிடங்கிலிருந்து வாங்கியே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. அப்படி வாங்கிய உப்பைச் சமையலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மட்டுமே பயன்படுத்தலாம். குளிர்காலத்துக்காகப் பன்றி இறைச்சியை உப்புக்கண்டம் போட வேண்டுமென்றால் அதற்குத் தனியாக வாங்க வேண்டும். மீறினால் அபராதம். பக்கத்து பிரித்தானி மாகாணத்தில் இந்த வரி கிடையாது. எல்லைக்கு இந்தப் பக்கம் உப்பின் விலை அங்கே இருந்ததைப் போல இருபது மடங்குக்கும் மேல். ராத்திரியில் உப்பு கடத்துவது ஒரு பிழைப்பாகவே ஆகிவிட்டது. நாய்களின் உடம்பில் உப்பு மூட்டையைக் கட்டி எல்லை தாண்ட அனுப்பினார்கள். பிடிபட்டவர்களுக்குக் கடும் தண்டனை.

இந்த உப்பு வரியையும் இன்னும் பல மறைமுக வரிகளையும் அரசு நேரடியாக வசூலிக்கவில்லை. குத்தகைக்கு விட்டிருந்தது. பெரும் பணக்காரர்களின் கூட்டு ஒன்று அரசருக்கு முன்பணம் கட்டிவிட்டு, மக்களிடமிருந்து வசூலித்து லாபம் பார்த்தது. 1785 வாக்கில் பாரிஸைச் சுற்றி இவர்கள் ஒரு மதில் எழுப்பத் தொடங்கினார்கள். எதிரியைத் தடுப்பதற்கான மதில் அல்ல. ஊருக்குள் வரும் ஒயினுக்கும் இறைச்சிக்கும் விறகுக்கும் சுங்கம் தப்பாமல் பிடிப்பதற்கு. வேதியியலின் தந்தை என்று நாம் பள்ளியில் படிக்கும் லவாசியே இந்தக் குத்தகைதாரர்களில் ஒருவர். 1794-இல் அவர் தலை வெட்டப்பட்டது அதற்காகத்தான்.

அப்புறம் பிரபுக்களின் உரிமைகள். பிரபுவின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும், அவர் அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும், அவர் செக்கில்தான் திராட்சை பிழிய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கூலி. பிரபு புறா வளர்ப்பார். அவை விதைப்புக் காலத்தில் வயலில் இறங்கிப் பொறுக்கித் தின்னும். முயல் பயிரைக் கடிக்கும். இரண்டையும் விவசாயி தொடக் கூடாது, வேட்டை பிரபுவின் உரிமை. தேவாலயத்துக்கு விளைச்சலில் ஒரு பங்கு வேறு. பத்தில் ஒன்று என்று பெயர். நடைமுறையில் ஊருக்கு ஊர் மாறும், பெரும்பாலும் அதற்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்தப் பங்கு உள்ளூர்ப் பாதிரியாருக்கே போயிருந்தால்கூட மக்கள் பொறுத்திருப்பார்கள். பல இடங்களில் அது தொலைவில் இருந்த மடத்துக்கோ ஆயருக்கோ போனது. உள்ளூர்ப் பாதிரியார் தன் ஊர்க்காரர்களைப் போலவே ஏழையாக இருந்தார்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு விவசாயிகள் ஐரோப்பாவிலேயே மிகவும் ஒடுக்கப்பட்டவர்கள் அல்லர். போலந்திலும் ரஷ்யாவிலும் விவசாயி நிலத்தோடு கட்டிப்போடப்பட்ட பண்ணையடிமை. பிரான்ஸில் அந்த முறை ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தது. நாட்டின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் விவசாயிகளின் கையில் இருந்தது. கோபம் பிறந்தது இந்த இடத்தில்தான். அடிமையாக இருப்பவன் எஜமானுக்கு அளப்பதை விதி என்று நினைத்துக்கொள்ளலாம். தன் நிலத்தில் தானே உழுது தானே அறுக்கிறவன், ஒன்றும் செய்யாத ஒருவருக்கு ஏன் கோழி கொடுக்க வேண்டும் என்று கேட்காமல் இருக்க மாட்டான். ஒரு காலத்தில் பிரபு ஊரைக் காத்தார், வழக்குத் தீர்த்தார். இப்போது அந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை அரசின் அதிகாரிகள் பார்த்தார்கள். வேலை போனது, கூலி மட்டும் நின்றது. போதாததற்கு, புரட்சிக்கு முந்தைய சில பத்தாண்டுகளில் பல பிரபுக்கள் வழக்கறிஞர்களை வைத்துப் பழைய ஏடுகளைத் துழாவி, தாத்தா காலத்தில் விட்டுப்போன பாக்கிகளைக்கூடத் தோண்டி எடுத்தார்கள். அந்த ஏடுகளை விவசாயிகள் மறக்கவில்லை.

நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு கோடியைச் சற்றுத் தாண்டியிருந்த மக்கள்தொகை, முடிவில் 2.8 கோடி. நிலம் வளரவில்லை. அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டே வந்ததில் பல குடும்பங்களுக்குக் கிடைத்த துண்டு வயிற்றுக்குப் போதவில்லை. மீதி நாளெல்லாம் கூலி வேலை, அல்லது வீட்டிலேயே நூற்பும் நெசவும். நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பிருந்து 1780-களின் முடிவு வரை பொருள்களின் விலை சுமார் 65 சதவீதம் ஏறியது. கூலி 22 சதவீதம்தான் ஏறியது. சரி, இந்த இடைவெளி வாழ்க்கையில் என்னவாகத் தெரிந்தது என்று கேட்டால், ரொட்டிக் கடைக்குத்தான் போக வேண்டும்.

பாரிஸில் அளவுகோல் நாலு பவுண்டு ரொட்டி. ஒரு கூலிக் குடும்பத்தின் ஒரு நாள் தேவை கிட்டத்தட்ட அவ்வளவு. சாதாரண காலத்தில் விலை 8 அல்லது 9 சூ. கட்டட வேலைக்குப் போகும் சிற்றாளின் தினக்கூலி 30 சூ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் தேவாலயத் திருநாள்களுக்கும் கூலி கிடையாது. அவை ஆண்டில் நூறு நாளைத் தாண்டும். அதைக் கழித்துப் பரப்பினால் நாளொன்றுக்கு 18 சூதான் கைக்கு வந்தது. ரொட்டி 9 சூ என்றால் வருமானத்தில் பாதி. 1789 பிப்ரவரியில் அதே ரொட்டி 14½ சூ ஆனது. ஐந்தில் நான்கு பங்கு ரொட்டிக்கே. மிச்சத்தில் வீட்டு வாடகை, விறகு, விளக்கு, துணி. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் கிடையாது.

விலை ஏன் ஏறியது? 1788 ஜூலை 13 அன்று, அறுவடைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, வடக்கு பிரான்ஸின் குறுக்கே பெரும் ஆலங்கட்டி மழை பெய்து பயிரை அடித்துப் போட்டது. அதற்கு முன்பே வறட்சி. பின்னால் வந்த குளிர்காலம் பல பத்தாண்டுகளில் காணாதது. சேன் ஆறு உறைந்தது. ஆறுகள் உறைந்ததால் தானியப் படகுகள் நின்றன, நீராலைகளும் நின்றன. கோதுமை இருந்த இடத்திலும் மாவு இல்லை. இதற்கிடையே 1786-இல் பிரிட்டனுடன் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தால் மலிவான ஆங்கிலத் துணி உள்ளே வந்து, ரூவான், அமியான், துருவா நகரங்களில் தறிகள் ஓய்ந்திருந்தன. ரொட்டிக்கே வருமானம் முழுவதும் போகும்போது யார் துணி வாங்குவார்கள்? ரொட்டி விலை ஏறியதால் துணி விற்கவில்லை, துணி விற்காததால் வேலை போனது, வேலை போனதால் ரொட்டி வாங்க முடியவில்லை.

மக்கள் இதை வானத்தின் குற்றம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நியாய விலையில் ரொட்டி கிடைக்கச் செய்வது அரசரின் கடமை என்பது தலைமுறை தலைமுறையாக இருந்த நம்பிக்கை. 1774-இல் நிதி அமைச்சர் துர்கோ தானிய வணிகத்தின் கட்டுப்பாடுகளை நீக்கினார். விளைச்சலும் மோசமானது, விலை ஏறியது. 1775 ஏப்ரல், மே மாதங்களில் பாரிஸைச் சுற்றிய ஊர்களில் 300-க்கும் மேற்பட்ட கலவரங்கள். மாவுப் போர் என்று அதற்குப் பெயர். அந்தக் கூட்டங்கள் நடந்துகொண்ட விதம் என்னை வியக்க வைக்கிறது. பல இடங்களில் அவர்கள் கோதுமையைக் கொள்ளையடிக்கவில்லை. மூட்டையைப் பறித்து, தாங்களே நியாயமென்று நினைத்த விலையை அறிவித்து, அந்த விலைக்கு எல்லோருக்கும் விற்று, பணத்தை வணிகரிடமே கொடுத்தார்கள். அரசர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, ஆகவே நாங்கள் செய்கிறோம் என்பதே அதன் பொருள். அரசு படையை அனுப்பியது. பாரிஸில் இரண்டு பேரைத் தூக்கிலிட்டது. பதினாறாம் லூயிக்கு அப்போது வயது 20. பட்டத்துக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. விலை ஏற்றுவதற்காகவே மேலிடத்தில் இருப்பவர்கள் தானியத்தைப் பதுக்குகிறார்கள் என்ற பேச்சு அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் ஓயவில்லை. 'ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்' என்று அரசி மேரி அன்டாய்னெட் சொன்னதாக இன்றும் சொல்கிறோம். அவர் சொன்னதற்குச் சான்றே கிடையாது. அவர் பிரான்ஸுக்கு வருமுன்பே யாரோ ஓர் இளவரசியைப் பற்றி உலவிய கதை அது. அந்த வார்த்தை அவர் வாயோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், மேலே இருப்பவர்களைப் பற்றி மக்கள் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள் என்பதுதான்.

இனி கஜானா. 1788-ஆம் ஆண்டின் கணக்குப்படி அரசின் செலவு சுமார் 63 கோடி லிவ்ர் (20 சூ சேர்ந்தது ஒரு லிவ்ர்), வரவு சுமார் 50 கோடி. அந்தச் செலவில் பாதி பழைய கடனைக் கட்டுவதற்கே போனது. ராணுவத்துக்குக் கால் பங்கு. அரண்மனை ஆடம்பரத்துக்கு ஏறக்குறைய 6 சதவீதம். ஆக அரசியின் நகைகளும் விருந்துகளும் நாட்டை ஓட்டாண்டியாக்கவில்லை; போர்கள் ஆக்கின. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டனுக்கு எதிராக இறங்கியதற்கு மட்டும் 100 கோடி லிவ்ருக்கு மேல் செலவு. அந்தப் போரின் ஒரு பகுதி நம் கரையோரமும் நடந்தது. சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று 1782-83-இல் தளபதி சுஃப்ரன் ஆங்கிலக் கடற்படையுடன் ஐந்து முறை மோதினார். கடலூர்க் கடலில் வெடித்த பீரங்கிக்கான கடனுக்கும் வட்டி கட்டியது அந்த மேட்டுப் பாதைப் பெண்ணின் குடும்பம்தான்.

போருக்கான பணத்தை நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர் வரியாகத் திரட்டவில்லை, கடனாக வாங்கினார். அதிலும் ஆயுள் வரையில் பணம் தரும் பத்திரங்கள். யார் பெயரில் பத்திரமோ அவர் உயிரோடிருக்கும்வரை அரசு ஆண்டுதோறும் 10 சதவீதம் அளவுக்குத் தர வேண்டும். குழந்தையாக இருந்தாலும் கிழவராக இருந்தாலும் ஒரே விகிதம். ஜெனீவாவின் வங்கிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அம்மை நோயைத் தாண்டிவிட்ட, நல்ல ஆரோக்கியமான சிறுமிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அவர்கள் உயிரின் மேல் பத்திரம் வாங்கினார்கள். அந்தச் சிறுமிகள் நலமாக வளர வளர, பிரான்ஸின் கடன் தீராமல் நீண்டது.

1786-இல் நிதி அமைச்சர் கலோன் அரசரிடம் உண்மையைச் சொன்னார்: நிலம் வைத்திருக்கும் எல்லோரிடமும், பிரபு, குருமார் என்று பார்க்காமல், வரி வாங்கினால்தான் தப்பிக்கலாம். அதற்காக 1787-இல் கூட்டிய பெருமக்கள் சபை ஒப்புக்கொள்ளவில்லை. பாரிஸ் உயர் நீதிமன்றமும் புது வரிகளைப் பதிவு செய்ய மறுத்தது. புதிய வரி விதிக்க எஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற மூன்று பிரிவுகளின் சபைக்கே அதிகாரம் உண்டு என்றார்கள். 1614-க்குப் பிறகு அந்தச் சபை கூடியதே இல்லை. அரசரை முதலில் எதிர்த்து நின்றவர்கள் அவர் கூடவே விருந்துண்ட பிரபுக்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சலுகையைக் காப்பாற்றிக்கொள்ள அவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் மற்றவர்கள் உள்ளே வந்தார்கள். 1788 ஆகஸ்டில் அரசு தன் பாக்கிகளில் ஒரு பகுதியை ரொக்கமாகத் தர முடியாது என்று அறிவித்தது. சபை கூடும் என்ற அறிவிப்பும் அதே மாதம் வந்தது.

படித்த நடுத்தர வர்க்கத்தின் மனக்குறை வேறு வகை. சர்க்கரை வணிகத்திலும், கரிபியத் தீவான சான் தொமிங்கில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பிலும் குவிந்த பணம் நான்ட், போர்தோ நகரங்களில் மாளிகைகளாக நின்றது. பணம் இருந்தும் மரியாதை இல்லை. ராணுவ அதிகாரியாக நான்கு தலைமுறைப் பிரபு வம்சம் வேண்டும் என்று 1781-இல் ஆணை போட்டார்கள். மூன்றாம் பிரிவின் பிரதிநிதிகளாக, சபை கூடிய அரண்மனை நகரான வெர்சாய்க்குப் போன சுமார் 600 பேரில் பெரும்பாலோர் வழக்கறிஞர்களும் நீதிமன்ற, அரசு அலுவலர்களும்தான். தச்சரோ கூலிவிவசாயியோ அங்கே இல்லை.

ஆனால் அந்தத் தேர்தலோடு இன்னொன்றும் நடந்தது. உங்கள் குறைகளை எழுதி அனுப்புங்கள் என்று அரசரே ஊர் ஊராகக் கேட்டார். 1789 வசந்தத்தில் தேவாலயங்களில் கூடி எழுதிய அந்தக் குறையேடுகள் சுமார் 60,000. உப்பு வரி, புறா, முயல், ஆலைக் கூலி எல்லாம் எழுத்தில் ஏறின. அரசரை ஒழிக்க வேண்டும் என்று அவற்றில் எழுதியவர்கள் இல்லை. அரசருக்குத் தெரிந்தால் சரியாகிவிடும் என்றே நினைத்தார்கள். தனித்தனியாக முனகிக்கொண்டிருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் கேட்ட பிறகு, பழையபடி வீட்டுக்குப் போய்ச் சும்மா இருப்பது எப்படி? அதே வசந்தத்தில்தான் கையிருப்புத் தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. ஏப்ரல் கடைசியில், பாரிஸின் செந்த் அந்துவான் பகுதியில் சுவர்த்தாள் ஆலை முதலாளி ரெவெய்யோன் கூலியை 15 சூவாகக் குறைக்கச் சொன்னார் என்று பரவிய பேச்சில் அவர் வீடு சூறையாடப்பட்டது. படை சுட்டது. பலர் இறந்தார்கள்.

1788-இல் மறுபடி நிதிப் பொறுப்புக்கு வந்து மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்த நெக்கரை ஜூலை 11-இல் அரசர் நீக்கினார். செய்தி மறுநாள் பாரிஸுக்கு வந்தது. மக்கள் முதலில் கை வைத்த இடங்களைப் பாருங்கள். சுங்க மதிலின் வாயில்களைக் கொளுத்தினார்கள். செந்த் லசார் மடத்தில் புகுந்து, அங்கிருந்த தானியத்தை வண்டி வண்டியாகச் சந்தைக்கு ஏற்றி அனுப்பினார்கள். 14-ஆம் தேதி பாஸ்டிலுக்குப் போனது வெடிமருந்துக்காக. உள்ளே ஏழு கைதிகளே இருந்தார்கள். கோட்டையைப் பிடித்தவர்கள் என்று பிறகு பட்டியலிடப்பட்ட தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் தச்சர்கள், பூட்டுச் செய்பவர்கள், செருப்புத் தைப்பவர்கள், சிறு கடைக்காரர்கள். அடுத்த வாரங்களில் கிராமங்களில் விவசாயிகள் பிரபுக்களின் மாளிகைகளுக்குப் போய், பாக்கிகள் எழுதியிருந்த அந்தப் பழைய ஏடுகளைக் கொண்டு வா என்றார்கள். முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். ஏடு கையில் கிடைத்த பல இடங்களில் வேறெதையும் தொடாமல் திரும்பினார்கள். அந்த நெருப்பின் வெளிச்சத்தில்தான் ஆகஸ்ட் 4 இரவு வெர்சாயில் பிரபுக்களே எழுந்து எழுந்து தங்கள் உரிமைகளைக் கைவிடுவதாக அறிவித்தார்கள்.

அந்த மாதம் நாலு பவுண்டு ரொட்டியை 12 சூவுக்கு இறக்கினார்கள். அறுவடையும் நன்றாக இருந்தது. ஆனால் மழை இல்லாமல் ஆறுகள் வற்றி, நீராலைகள் மறுபடி நின்றன. விடியுமுன் கடை வாசலில் வரிசை. உள்ளே ரொட்டி இல்லை. அக்டோபர் 5 காலை பாரிஸின் பெண்கள் ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் சந்தைக்காரிகளும் உழைக்கும் வீட்டுப் பெண்களும், கொட்டும் மழையில் வெர்சாய்க்கு நடந்தார்கள். மறுநாள் அரச குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பினார்கள். அரசரின் வண்டியோடு மாவு மூட்டை ஏற்றிய வண்டிகளும் வந்தன. சேற்றில் கூடவே நடந்த பெண்கள், ரொட்டிக்காரரையும் ரொட்டிக்காரர் மனைவியையும் அவர் பையனையும் கொண்டு வருகிறோம் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.